பட்ஜி கிளிக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது எப்படி? முதன்முறையாக வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

கிளி வளர்த்து அதைப் பேச வைக்க வேண்டும் என்ற ஆசை வந்ததும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது, வளைந்த சிவந்த அலகும் கழுத்தில் வளையமும் உடைய நம் ஊர்ப் பச்சைக்கிளிதான். அந்த ஆசையை இங்கேயே விட்டுவிட வேண்டும். பச்சைக்கிளியும் அதன் நெருங்கிய உறவான பெரிய பச்சைக்கிளியும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட பறவைகள். அவற்றைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், வீட்டுக் கூண்டில் அடைத்து வைப்பதும் குற்றமாகும். "குஞ்சிலிருந்தே வளர்க்கிறோம், பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறோம்" என்ற விளக்கம் சட்டத்தின் முன் நிற்காது. மரப்பொந்திலிருந்து எடுத்து வரப்படும் குஞ்சுகளில் பல, விற்பனைக்கு வந்து சேரும் முன்பே இறந்துவிடுகின்றன என்பதையும் நினைத்துப் பார்த்தால், சட்டம் இல்லாவிட்டாலும் அதைச் செய்யக் கூடாது என்பது விளங்கும்.

ஆப்ரிக்கன் கிரே, மக்காவ் போன்ற வெளிநாட்டுக் கிளிகள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. அவற்றை வைத்திருப்போர் ஒன்றிய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். விலையும் அதிகம், அவை கேட்கும் கவனிப்பும் அதிகம், ஆயுளும் பல பத்தாண்டுகள். முதன்முறையாகப் பறவை வளர்ப்பவருக்கு அவை ஏற்றவை அல்ல என்பதே என் கருத்து.

ஆகவே இக்கட்டுரை பட்ஜியைப் பற்றியது. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட இச்சிறு கிளியை நம் ஊர்க் கடைகளில் "லவ் பேர்ட்ஸ்" என்றே சொல்லி ஜோடி ஜோடியாக விற்கிறார்கள். கூண்டில் கீச்சிட்டுக்கொண்டிருக்கும் அழகுப் பறவை என்ற அளவில்தான் பலருக்கு இதைத் தெரியும். உண்மையில் பேசும் பறவைகளின் வரிசையில் இதற்கு முன்னிடம் உண்டு. கலிபோர்னியாவில் வளர்ந்த பக் என்ற ஆண் பட்ஜி 1,728 சொற்களை அறிந்திருந்ததாக 1995 ஆம் ஆண்டின் கின்னஸ் பதிவு சொல்கிறது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் வளர்ந்த ஸ்பார்க்கி வில்லியம்ஸ் என்ற பட்ஜி, 1958 இல் பிபிசி நடத்திய பேசும் பறவைகள் போட்டியில் வென்றது. நம் வீட்டுப் பறவை அந்த உயரத்தை எட்டாது; பத்துப் பதினைந்து சொற்களை அது தெளிவாகப் பேசினாலே நல்ல பலன் என்று கொள்ள வேண்டும்.

அது ஏன் பேசுகிறது

பயிற்சிக்கு முன் இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். பறவைகளுக்கு நமக்குள்ளது போன்ற குரல் நாண்கள் தொண்டையில் இல்லை. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் அடிப்பகுதியில் உள்ள சிரின்க்ஸ் என்ற உறுப்பே அவற்றின் குரலை உண்டாக்குகிறது. கிளிகளின் தடித்த நாக்கு அந்த ஒலியை வடிவப்படுத்த உதவுகிறது. ஆனால் உறுப்பு இருப்பது மட்டும் காரணமன்று. பட்ஜி பெருங்கூட்டமாக வாழும் பறவை. கூட்டத்தார் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளும் ஒலி பிறவியிலேயே முழுமையாக அமைந்துவிடுவதில்லை; கேட்டுக் கற்றுக்கொள்வது. புதிய கூட்டத்தில் சேரும் பட்ஜி சில வாரங்களில் அக்கூட்டத்தின் அழைப்பொலியைத் தன் குரலில் ஏற்றுக்கொள்கிறது. ஜோடி சேர்ந்த ஆண், தன் பெட்டையின் அழைப்பொலியைக் கேட்டுப் பழகித் தானும் அப்படியே கூப்பிடுகிறது.

வீட்டில் தனியாக வளரும் பட்ஜிக்கு நாமே கூட்டம். நம் பேச்சே அதற்கு அழைப்பொலி. அது பேசுவது நம்மோடு சேர்ந்துகொள்வதற்காக. நம்மைத் தன் கூட்டமாக அது ஏற்காதவரை எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் பயனில்லை. கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரு உண்மையிலிருந்தே பிறந்தவை.

பறவையைத் தேர்ந்தெடுத்தல்

ஆண் குஞ்சைத் தேர்ந்தெடுங்கள். பெண் பட்ஜிகளும் எப்போதாவது ஓரிரு சொற்களைப் பேசுவதுண்டு என்றாலும், ஆண்களே பேச்சில் விரைவும் தெளிவும் உடையவை. வயது ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை இருப்பது நல்லது. கடைக்காரர் சொல்லும் வயதை மட்டும் நம்பாமல் நீங்களே பார்க்கலாம்: இளம் பட்ஜியின் நெற்றியில் உள்ள கருங்கோடுகள் அலகின் மேற்பகுதி வரை இறங்கியிருக்கும், மூன்று நான்கு மாதங்களில் முதல் இறகுதிர்வுக்குப் பின் அந்தக் கோடுகள் மறைந்து நெற்றி வெறுமையாகிவிடும். கண்ணும் குஞ்சுப் பருவத்தில் முழுக் கருமையாக இருக்கும்; வளர வளரத்தான் கருமணியைச் சுற்றி வெண்வளையம் தோன்றும்.

ஆண், பெண் அடையாளம் அலகுக்கு மேலே நாசித் துளைகள் உள்ள மெத்தென்ற தோலில் இருக்கிறது. வளர்ந்த ஆணுக்கு அது நீலம். வளர்ந்த பெண்ணுக்கு வெளிர் நிறமாகவோ பழுப்பாகவோ இருக்கும். குஞ்சுகளில் இதைப் பிரித்தறிய நல்ல வெளிச்சமும் பொறுமையும் வேண்டும்: ஆண் குஞ்சுக்கு அத்தோல் முழுவதும் ஒரே சீரான இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாக இருக்கும், பெண் குஞ்சுக்கு நாசித் துளைகளைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும். முழு மஞ்சள், முழு வெள்ளை நிறப் பறவைகளில் ஆணுக்கு வளர்ந்த பின்னும் நீலம் வராது என்பதால் முதன்முறை வாங்குவோர் பச்சை, நீல நிறப் பறவைகளைத் தேர்ந்தெடுப்பது எளிது. வாங்கும் முன், குஞ்சு தானாகத் தினையை உரித்துத் தின்கிறதா என்பதை நின்று கவனியுங்கள். தானே தின்னத் தெரியாத குஞ்சை, விலை குறைவு என்பதற்காக வாங்கி வந்து காப்பாற்றுவது கடினம்.

ஒன்றா, இரண்டா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் தேவை. ஜோடியாக வளரும் பட்ஜிகள் தமக்குள்ளேயே பேசிக்கொள்ளும். மனிதப் பேச்சில் அவற்றுக்கு நாட்டம் குறைவு. தனிப் பறவையே விரைவாகப் பேசும். ஆனால் தனியாக வைக்கும் பறவைக்குத் துணையாக இருக்கும் கடமை முழுவதும் நம்மைச் சேர்கிறது. காலையில் பூட்டிய வீடு மாலையில்தான் திறக்கும் என்றால், தயவுசெய்து இரண்டு பறவைகளை வாங்கிக்கொண்டு பேச்சு ஆசையை விட்டுவிடுங்கள். பேச வேண்டும் என்பதற்காக கூட்டமாக வாழும் ஒரு பறவையை நாள் முழுவதும் ஒற்றையாக அடைத்து வைப்பது கொடுமை.

இடமும் முதல் நாள்களும்

கூண்டு உயரத்தைவிட நீளத்தில் பெரியதாக இருக்கட்டும். கம்பிகளுக்கிடையே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. வீட்டார் அதிகம் நடமாடும் கூடத்தில், ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி, நம் கண் மட்டத்தில் வையுங்கள். ஒரே அளவுப் பிளாஸ்டிக் குச்சிகளுக்குப் பதிலாக, தடிமன் மாறி மாறி அமைந்த கொய்யாக் கிளைகளை மாட்டினால் காலுக்கு நல்லது. சுண்ணாம்புச் சத்துக்காகக் கணவாய் ஓடு ஒரு துண்டு கம்பியில் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

சமையலறையிலோ அதன் வாசலிலோ வைக்கவே வைக்காதீர்கள். நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடாகும்போது எழும் ஆவி நமக்கு மணமாகக்கூடத் தெரியாது. பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணிப் புகை, அறை மணமூட்டித் தெளிப்பான் ஆகியவையும் அதன் நுரையீரலுக்கு ஆகாதவை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடுகளில் அந்நேரம் கூண்டை வேறு அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்திவிடலாம். இரவில் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். தூக்கம் கெட்ட பறவை எதையும் கற்காது.

வீட்டுக்கு வந்த முதல் நான்கைந்து நாள்கள் பறவையைத் தொட முயலாதீர்கள். உணவையும் தண்ணீரையும் மாற்றும்போது மெதுவாக, தாழ்ந்த குரலில், அதன் பெயரைச் சொல்லுங்கள். கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து செய்தித்தாளைச் சற்று உரக்கப் படிப்பது நல்ல பழக்கம். உங்கள் குரல் ஆபத்தின் அறிகுறி அல்ல என்று அது அறிந்துகொள்ளும். தொடக்கத்தில் அது உடலை ஒடுக்கி, இறகுகளை இறுக்கி, மூலைக் கம்பியில் அசையாமல் நிற்கும். நீங்கள் இருக்கும்போதே அது தின்னவும் இறகு கோதவும் தொடங்கினால் அச்சம் தணிந்துவிட்டது என்று பொருள்.

கைக்குப் பழக்குதல்

பலர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேரே சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறார்கள். பறவை பேசாமல் போவதற்கு இதுவே முதற்காரணம். தினைக் கதிர் ஒன்றை வாங்கிவந்து, சாதாரண உணவில் அதைச் சேர்க்காமல், உங்கள் கையிலிருந்து மட்டுமே கிடைக்கும் பண்டமாக வைத்துக்கொள்ளுங்கள். கதிரின் அடியைப் பிடித்துக்கொண்டு நுனியைக் கம்பிக்கிடையே நீட்டி அசையாமல் இருங்கள். முதலில் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கும், பிறகு ஒரு மணியைப் பறித்துக்கொண்டு விலகி ஓடும். இரண்டொரு நாளில் நின்று தின்னும். பிறகு கதவைத் திறந்து, கதிரைப் பிடித்த கையைச் சிறிது சிறிதாக உள்ளே கொண்டு செல்லுங்கள். அது தின்றுகொண்டிருக்கும்போது மறு கையின் ஆள்காட்டி விரலை அதன் வயிற்றுக்கும் காலுக்கும் நடுவே மெல்ல ஒட்டி "ஏறு" என்று சொன்னால், ஒரு கால் விரலின் மேல் வரும். பிறகு மறு காலும் வரும். கதிரில் நான்கு மணி தின்ன விட்டு மீண்டும் குச்சியிலேயே இறக்கிவிடுங்கள். கையால் பொத்திப் பிடிப்பதோ துரத்துவதோ இந்த நம்பிக்கையை ஒரே நொடியில் கெடுத்துவிடும்.

கூண்டுக்கு வெளியே விடும் முன் மின்விசிறியை நிறுத்த வேண்டும். நம் வீடுகளில் பறக்கும் பறவைக்கு மிகப் பெரிய எமன் கூரை மின்விசிறிதான். சன்னல்களை மூடி, கண்ணாடிகள்மேல் திரையை இழுத்துவிடுங்கள்.

முதற் சொல்லைத் தேர்தல்

பட்ஜியின் குரல் மெல்லியது, உயர்ந்த சுருதி உடையது, மிக விரைவானது. நாம் சாதாரணமாகச் சொல்வதை அது இரண்டு மடங்கு வேகத்தில் திருப்பிச் சொல்லும் என்பதால், சொற்கள் ஒன்றோடொன்று கலந்து தெளிவிழந்து போகின்றன. வெடித்து ஒலிக்கும் வல்லின எழுத்துகள் இந்த வேகத்திலும் தப்பிப் பிழைக்கின்றன. தமிழில் இரட்டித்து வரும் க்க, ட்ட, த்த, ப்ப, ச்ச ஆகியவை இதற்கு மிக ஏற்றவை. அக்கா, தாத்தா, பாப்பா, குட்டி, சிட்டு, பட்டு என்று நம் வீட்டில் நாள்தோறும் புழங்கும் சொற்களே பட்ஜிக்கு நல்ல பாடமாக அமைகின்றன. மாறாக, ம, ல, வ, ழ போன்ற மெல்லிய ஒலிகளே நிறைந்த சொற்களைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை, பறவைக்கே "சிட்டு", "குட்டி", "பிக்கு" போல ஈரசைப் பெயர் சூட்டி அதையே முதற் சொல்லாக வைப்பதாகும். தண்ணீர் மாற்றும்போதும், கதிர் தரும்போதும், விளக்கு அணைக்கும்போதும் அந்தப் பெயரை இயல்பாகச் சொல்ல வேண்டியிருக்கும்; தனிப் பயிற்சி இல்லாத நேரத்திலும் பயிற்சி நடந்துகொண்டே இருக்கும். ஒரு சொல் வாய்க்கும் வரை மற்றொன்றைத் தொடங்க வேண்டாம். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒவ்வொரு செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட்டால் பறவைக்கு எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. பெயரையும் அதைச் சொல்லும் தொனியையும் எல்லோருமாகக் கூடி முடிவு செய்துகொள்ளுங்கள்.

நாள்தோறும் பயிற்சி

காலையில் கூண்டுத் துணியை விலக்கியதும் ஒருமுறை, மாலையில் அடையும் முன் ஒருமுறை என்று, பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் போதும். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். பறவையை விரலில் ஏற்றி உங்கள் முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் வைத்துக்கொண்டு, சொல்லைத் தெளிவாக, சற்று நிதானமாக, மகிழ்ச்சி தொனிக்கும் குரலில் சொல்லுங்கள். சொன்னதும் சில நொடிகள் நிறுத்துங்கள். இந்த இடைவெளி மிக முக்கியமானது. நிறுத்தாமல் ஐம்பது முறை ஓதினால் அது பறவைக்குப் பின்னணி இரைச்சல். சொல்லி நிறுத்திப் பதிலுக்குக் காத்திருந்தால் அது அழைப்பு. ஒவ்வொரு முறையும் ஒரே இராகத்தில் சொல்லுங்கள், ஏனெனில் எழுத்துகளைப் பிடிக்கும் முன் பறவை இராகத்தைத்தான் பிடிக்கும்.

கேட்டுக்கொண்டிருக்கும் பட்ஜியைப் பார்த்தாலே தெரியும். அசைவை நிறுத்தி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, உங்கள் உதடுகளையே உற்றுப் பார்க்கும்; கருமணி சுருங்கி விரியும். விரலை விட்டு விலகி நடக்கத் தொடங்கினாலோ கொட்டாவி விட்டாலோ அன்றைக்கு அது போதும்.

அதிகம் பேசாத கூச்ச சுபாவம் உடையவர்கள் இதில் பின்தங்குவதைப் பார்க்கிறோம். வீட்டில் கலகலவென்று பேசும் குழந்தையோ பாட்டியோ இருந்தால் அவரிடமே பயிற்சியை ஒப்படைப்பது நல்லது. பட்ஜியின் உயர்ந்த சுருதிக்குப் பெண்கள், குழந்தைகள் குரல் நெருக்கமாக இருப்பதும் ஓர் உதவி.

முணுமுணுப்பிலிருந்து சொல்லுக்கு

முதற் சொல் நீங்கள் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் வராது. நடுப்பகலில் வீடு அடங்கியிருக்கும்போது, பறவை இறகுகளைத் தளர்த்தி, ஒரு காலை வயிற்றுக்குள் மடக்கி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தனக்குத் தானே முணுமுணுத்துக்கொண்டிருக்கும். கீச்சொலிகளும் கடகடப்பும் நீண்டு ஓடிக்கொண்டிருக்கும் அந்த முணுமுணுப்பின் நடுவே, உங்கள் குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் எழுத்தில்லாமல் வந்து போகும். குழந்தையின் மழலையைப் போன்ற கட்டம் இது. அந்நேரம் எழுந்து ஓடிப்போய்க் கூண்டருகில் நிற்காதீர்கள். பறவை ஒத்திகையை நிறுத்திவிடும். இருந்த இடத்திலிருந்தே, அதே தொனியில், அந்தச் சொல்லைத் தெளிவாக ஒருமுறை சொல்லுங்கள். சில நாள்களில் இராகத்துக்குள் வல்லெழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து அமரும்; ஒருநாள் "சிட்டு" என்பது ஐயத்துக்கிடமின்றிக் காதில் விழும்.

இதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகலாம். சில பறவைகளுக்கு அதற்கு மேலும் ஆகும். முதற் சொல்லுக்கு ஆன காலம் இரண்டாவதற்கு ஆவதில்லை. அது வந்த பிறகு, அந்தச் சொல்லோடு ஒன்றைக் கூட்டி, "சிட்டுக்குட்டி", "சிட்டு வா", "சிட்டு சாப்பிட்டாச்சா" என்று நீட்டிக்கொண்டு போகலாம். பட்ஜி கற்ற தொடர்களை வெட்டித் தன் விருப்பப்படி ஒட்டவும் செய்யும்.

சொல்லைச் சூழலோடு பிணைப்பது அடுத்த நிலை. தினைக் கதிரைக் காட்டும்போது மட்டும் "கதிர்", விளக்கை அணைக்கும்போது மட்டும் "தூங்கு" என்று மாறாமல் சொல்லிவந்தால், உரிய நேரத்தில் உரிய சொல்லைச் சொல்லும் பறவைகள் உண்டு. இதில் அறிவியல் உலகம் அறிந்த பெரிய சான்று, அமெரிக்க ஆய்வாளர் ஐரின் பெப்பர்பெர்க் 1977 முதல் பயிற்றுவித்த அலெக்ஸ் என்ற ஆப்ரிக்கன் கிரே. 2007 இல் இறக்கும் வரை அது நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களைக் கற்று, பொருள்களின் நிறம், வடிவம் ஆகியவற்றைக் கேட்டால் சொல்லியது. அவர் கையாண்ட முறையை வீட்டில் இருவர் சேர்ந்து எளிதாகச் செய்யலாம். பறவை பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் கதிரைக் காட்டி "இது என்ன?" என்று கேட்க வேண்டும், மற்றவர் "கதிர்" என்று சொல்ல வேண்டும், சொன்னவர் கையில் உடனே கதிரைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்ளுங்கள். தான் விரும்பும் பொருள் அந்த ஒலியால் பிறருக்குக் கிடைப்பதைப் பறவை காண்கிறது. பரிசும் அதே பொருளாக இருக்க வேண்டும் என்பது இம்முறையின் உயிர்நாடி. விளையாட்டு மணியைக் காட்டி "மணி" என்று சொன்னதற்குத் தினை கொடுத்தால் பிணைப்பு கெட்டுவிடும்.

செய்யக் கூடாதவை

கைபேசியில் சொல்லைப் பதிவு செய்து நாள் முழுவதும் ஓடவிடுவது இன்று பரவலாக இருக்கிறது. ஒலிப்பதிவை மட்டும் கேட்டோ, காணொளியை மட்டும் பார்த்தோ பயின்ற ஆப்ரிக்கன் கிரே கிளிகள் சொற்களைப் பொருளோடு பயன்படுத்தக் கற்கவில்லை என்பதை பெப்பர்பெர்க்கின் ஆய்வகமே சோதித்துக் கண்டது. ஒலியைச் சில பறவைகள் பிடித்துக்கொள்ளலாம்; ஆனால் ஆளில்லாத அறையில் ஓயாமல் ஒலிக்கும் குரல் பறவைக்குத் துணையாகாது. கூண்டுக்குள் கண்ணாடி மாட்டுவதும் வேண்டாம். பறவை அந்த நிழலோடு நட்புக்கொண்டு உங்களை மறந்துவிடும்.

பச்சை மிளகாய் தின்றால் கிளி நன்றாகப் பேசும் என்ற நம்பிக்கை நம்மிடையே உண்டு. மிளகாயின் காரத்தை உணரும் அமைப்பு பறவைகளுக்கு இல்லாததால் அவை அதை விரும்பித் தின்கின்றன; பேச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நாக்கைச் சுரண்டுவது, நுனியை வெட்டுவது, வசம்பைத் தேய்ப்பது ஆகியவை சித்திரவதை. குரல் பிறக்கும் இடம் மார்புக்குள் இருக்கும்போது நாக்கைக் காயப்படுத்துவதால் பறவை உணவை இழக்குமே தவிரப் பேச்சைப் பெறாது. பட்டினி போட்டுப் பயிற்றுவிப்பதும் அவ்வாறே. இத்தனை சிறிய உடலுக்கு ஒரு நாள் பட்டினியே உயிருக்கு ஆபத்தாகலாம். தின்னக் கூடாதவற்றில் வெண்ணெய்ப்பழம் (அவகாடோ), சாக்லேட், காப்பி, வெங்காயம், உப்பிட்ட நொறுக்குத்தீனி ஆகியவற்றை வீட்டார் அனைவருக்கும் சொல்லி வையுங்கள்.

உணர்ச்சியோடும் உரத்தும் சொல்லப்படுவதைப் பறவை விரைவில் பிடித்துக்கொள்ளும். சண்டையில் தெறிக்கும் வசவும், குக்கர் விசிலும், அழைப்பு மணியும் ஒருமுறை ஏறிவிட்டால் அழிக்க வழியில்லை. வேண்டாததைச் சொல்லும்போது சிரிக்கவோ அதட்டவோ செய்யாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேண்டியதைச் சொல்லும்போது மட்டும் விரைந்து பதில் கொடுத்தால், அது நாளடைவில் குறையும்.

பேச்சு நின்றுபோனால்

நன்றாகப் பேசிவந்த பட்ஜி இறகுதிர்க்கும் வாரங்களில் மௌனமாகிவிடுவது இயல்பு. அப்போது பயிற்சியை நிறுத்தி, ஊறவைத்து முளைகட்டிய பயறும் கீரையும் கொடுத்து ஓய்வெடுக்க விடுங்கள். வீடு மாறினாலும், கூண்டின் இடம் மாறினாலும், நெருங்கிப் பழகியவர் வெளியூர் போனாலும் இப்படி நேரும். ஆனால் மௌனத்தோடு இறகுகளைப் பகலிலும் உப்பவைத்து உட்கார்ந்திருத்தல், மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுதல், எச்சம் நீர்த்துப்போதல், குரல் கம்முதல் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் அது நோய். பறவைகள் நோயைக் கடைசி வரை மறைப்பவை என்பதால் மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போட நேரம் இராது. சென்னையில் இருப்போர் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம். பிற ஊர்களில் இருப்போர், பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் அருகில் யார் என்பதைக் குஞ்சை வாங்கும் வாரத்திலேயே விசாரித்து, அவரது எண்ணைக் கூண்டருகே எழுதி ஒட்டிவையுங்கள்.